ஐந்தடி பத்து அங்குல மஞ்சுஷா

மஞ்சுஷாவின் கல்யாண ஆல்பத்தில் ஒரு படத்தில்கூட அவள் நேராக நிற்கவில்லை. தாலி கட்டும்போது உட்கார்ந்திருக்கிறாள். மாலை மாற்றும்போது குனிந்திருக்கிறாள். வரவேற்புப் படத்தில் மாப்பிள்ளை அனூப் ஒரு பலகையின் மேல் நிற்க, பலகை தெரியாமலிருக்க முன்னால் பூத்தொட்டி வைத்திருக்கிறார்கள். அனூப்பின் உயரம் ஐந்தடி ஆறங்குலம். அவள் ஐந்தடி பத்து.

மட்டாஞ்சேரியில் பிறந்து வளர்ந்தவள். தாத்தா காலத்தில் ராமநாதபுரம் பக்கத்திலிருந்து கொச்சி நகராட்சி வேலைக்கு வந்த குடும்பம். வீட்டில் தமிழ், தெருவில் மலையாளம், எழுதுவதென்றால் மலையாளம் மட்டும். எட்டாம் வகுப்பில் ஒரே கோடை விடுமுறையில் நாலு அங்குலம் வளர்ந்துவிட்டாள். பள்ளிக்கூடம் திறந்த அன்றே கொடிமரம் என்று பெயர் வைத்துவிட்டார்கள். அன்றைக்குத் தோளை உள்ளே இழுத்தவள்தான், அப்புறம் பஸ்ஸிலும் கோயிலிலும் வேலையிலும் அப்படியே பழகிப்போனது. பெண் பார்க்க வந்தவர்களில் ஐந்து பேர் உயரத்தைப் பார்த்தே திரும்பிப் போனார்கள். ஆறாவதாக வந்தவன் அனூப். வெலிங்டன் தீவில் ஒரு கிடங்கில் சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவன். அலமாரிக்கு மேலிருந்த தாம்பாளத்தை அவள் எக்காமல் எடுத்ததைப் பார்த்துவிட்டு, "நம்ம வீட்டுல இனி ஸ்டூலே வேண்டாம்" என்று தன் அம்மாவிடம் சொன்னான். கல்யாணம் நிச்சயமானது.

இப்போது அவளுக்கு இருபத்தேழு வயது. கொச்சங்காடியில் ரமேஷ்பாபு என்பவரின் மசாலா குடோனில் கிராம்பும் ஏலக்காயும் தரம் பிரித்துப் பாக்கெட் போடுகிற வேலை. மேல்தட்டில் இருக்கும் சரக்கை இறக்க வேண்டுமென்றால் எல்லோரும் அவளைத்தான் கூப்பிடுவார்கள்.

போன பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாயாக்கடைக்குப் போன அனூப் சாயாவைப் பாதியில் வைத்துவிட்டு ஓடி வந்தான்.

"மஞ்சூ! ஐஞ்சடி எட்டு இருந்தாலே போதுமாம். உனக்கு ரெண்டு இஞ்ச் மிச்சம்!"

"எதுக்கு? கரண்ட் கம்பி மாத்தறதுக்கா?"

"மாடலிங்குக்குடீ. இங்க பாரு."

காக்கநாட்டில் ஒரு மாடலிங் ஏஜென்சி புதுமுகங்களைத் தேடுகிறது. பெண்களுக்கு ஐந்தடி எட்டு அங்குலமாவது இருக்க வேண்டும். பன்னிரண்டு படங்கள் கொண்ட போர்ட்ஃபோலியோவும் ஒரு நிமிட நடை வீடியோவும் எடுத்துக்கொண்டு, வருகிற சனிக்கிழமை காலை பத்து மணிக்கு நேரில் வர வேண்டும்.

மஞ்சுஷா முதலில் சிரித்தாள். பிறகு போனை வாங்கிக்கொண்டு அடுக்களைக்குப் போனாள். மீன்குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. அடுப்பைத் தணித்துவிட்டு அந்த அறிவிப்பை இன்னொரு தடவை படித்தாள். மூன்றாவது தடவையும் படித்தாள். அவள் உயரத்தைக் கேட்டுவிட்டு வேண்டாம் என்றவர்கள்தான் இதுவரை உண்டு. இவ்வளவு உயரம் இருந்தால்தான் வா என்று யாரோ எழுதியிருப்பதை இன்றைக்குத்தான் பார்க்கிறாள். குடோனில் வேலைக்கு நடுவே பாட்டுக்கேற்ப யாருக்கும் தெரியாமல் நடந்து பார்த்ததெல்லாம் நினைவுக்கு வந்தது. முகம் சூடாகிப்போனது.

"போலாமா அனூப்பேட்டா?" என்று அடுக்களையிலிருந்தே கேட்டாள்.

"பின்னே?"

அனூப்பின் அம்மா இருளாயி, மாநகராட்சியில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள், எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஒரே ஒரு சந்தேகம்தான் இருந்தது.

"அங்க சோறு போடுவாங்களா?"

"போடுவாங்கம்மா."

"அப்பப் போகட்டும். வெறும் வயித்துல நிக்க வைக்கற எடத்துக்கு அனுப்பாத."

போகலாம் என்று முடிவாகிவிட்டது. போர்ட்ஃபோலியோ என்றால் என்ன என்பதுதான் வீட்டில் யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. ஸ்டுடியோவில் போய்ப் பன்னிரண்டு பாஸ்போர்ட் படம் எடுத்தால் போதாதா என்று அனூப் கேட்டான். மஞ்சுஷாவுக்கு அப்போதுதான் சுபாஷிணியின் ஞாபகம் வந்தது.

சுபாஷிணிக்கு முப்பத்தாறு வயது. பாலக்காட்டிலிருந்து வந்து செரளாயியில் தங்கிவிட்ட தமிழ்க் குடும்பம். ஹோட்டல்காரர்களுக்குச் சாப்பாட்டைப் படமெடுத்துக் கொடுப்பது அவள் தொழில். ரமேஷ்பாபுவின் மசாலாப் பாக்கெட்டுகளில் இருக்கும் படங்களும் அவள் எடுத்தவைதான். திங்கட்கிழமை ஜாதிக்காயைப் படமெடுக்கக் குடோனுக்கு வந்தவளிடம், மஞ்சுஷா தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னாள்.

சுபாஷிணி கேமராவைக் கீழே வைத்தாள்.

"நான் இட்லியையும் கரிமீனையும் எடுக்கறவளாக்கும் மஞ்சு. மனுஷாள எடுத்து எத்தனையோ நாளாச்சு." சொல்லிவிட்டு இரண்டடி பின்னால் போய் அவளை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். "எங்க, நன்னா நிமிர்ந்து நில்லு."

"நின்னுட்டுதானே இருக்கேன் சேச்சி."

"இல்ல. மடிச்சு வெச்ச கொடை மாதிரி இருக்க. இன்னும் நிமிரு."

மஞ்சுஷா நிமிர்ந்தாள். தோளெலும்பில் ஏதோ சொடக்கியது. சுபாஷிணியின் முகம் மலர்ந்தது.

"நீ எனக்குக் காசு ஒண்ணும் தர வேண்டாம். நானும் உனக்குத் தர மாட்டேன். என் வெப்சைட்ட பாத்தா வெறும் தட்டும் கிண்ணமுமாக்கும். மனுஷாள எடுத்த படம் நாலு இருந்தா வேற வேலை கேக்கலாம்னு ரெண்டு வருஷமா நெனச்சிண்டிருக்கேன். உனக்கும் படம், எனக்கும் படம். சரிதானே?"

மஞ்சுஷா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். பிடித்த கை முழுக்கக் கிராம்பு வாசனை.

அன்று மத்தியானமே சுபாஷிணி, சென்னையில் விளம்பரப் படமெடுக்கும் சிநேகிதி ஒருத்தியைக் கூப்பிட்டு எல்லாம் கேட்டறிந்தாள். மேக்கப் இல்லாமல் முகம் ஒன்று, இரண்டு பக்கவாட்டு முகங்கள், முடியை இழுத்துக் கட்டி வெறும் டீ-ஷர்ட்டும் ஜீன்ஸுமாக முழு உருவம், சேலையில் சில, நவீன உடையில் சில, சிரித்து ஒன்று, சிரிக்காமல் ஒன்று. கூடவே உயரம், உடலளவுகள், காலணி அளவு. எல்லாவற்றையும் ஒரு சரக்குச் சீட்டின் பின்னால் எழுதிக் கொடுத்தாள். சாயங்காலம் அதை அனூப் இரும்பு டேப்பால் அளந்து நிரப்பினான். கிடங்கில் பெட்டி அளந்து பழகியவன். எந்த அளவையும் இரண்டு தடவை சரிபார்க்காமல் எழுதவில்லை.

பிரச்சினை காலணியில் வந்தது. குதிகால் உயர்ந்த செருப்பில் நடக்கத் தெரிந்திருக்க வேண்டும். மஞ்சுஷாவுக்கு நாற்பத்திரண்டாம் நம்பர். அந்த அளவில் பெண்கள் செருப்பு மட்டாஞ்சேரியில் எங்கும் இல்லை. செவ்வாய்க்கிழமை அனூப் எறணாகுளத்துக்குப் போய் பிராட்வேயில் ஏழு கடை ஏறி இறங்கினான். நாடகத்துக்கும் நடனத்துக்கும் உடை விற்கிற கடையில் கடைசியாகக் கிடைத்தது. கறுப்பு, மூன்று அங்குல உயரம்.

"உங்களுக்கா?" என்று கடைக்காரர் சந்தேகத்தோடு கேட்டாராம்.

"என் பெண்டாட்டிக்கு."

கடைக்காரர் அனூப்பை மேலும் கீழும் பார்த்தாராம். "எத்தனை உயரம்?"

"இதப் போட்டா ஆறடி ஒண்ணு" என்று சொல்லிவிட்டு வந்ததை, அனூப் வீட்டில் நாலு தடவை சொன்னான். ஒவ்வொரு தடவையும் குரல் ஏறிக்கொண்டே போனது. அவள் அதைப் போட்டுக்கொண்டு சுவரைப் பிடித்தபடி எழுந்து நின்றபோது, அவன் தலை அவள் தோளுக்குச் சற்று மேலேதான் வந்தது. மஞ்சுஷா வழக்கம்போலக் குனியப் பார்த்தாள்.

"குனியாத. நல்ல நெழலா இருக்கு" என்றான் அனூப்.

அன்றிலிருந்து குதிகால், இடுப்பு, தோள், தலை நான்கும் சுவரில் படும்படி காலையும் மாலையும் இருபது நிமிடம் நிற்பது என்று ஆனது. கழுத்து வலித்தது. இருளாயி தைலம் தேய்த்துவிட்டாள். தேய்த்துவிட்டுக்கொண்டே, "எருமை மாதிரி பலம் இருக்கு, இத்தனை நாளா எதுக்கு ஒடுங்கிக் கெடந்த?" என்று திட்டினாள்.

புதன்கிழமை சாயங்காலம் சுபாஷிணியின் மொட்டைமாடியில் முதல் ஆறு படங்கள் எடுத்தார்கள். வெறும் முகம், பக்கவாட்டு, டீ-ஷர்ட். ஒரு பெரிய வெள்ளைத் தெர்மோகோல் பலகையை அனூப் தூக்கிப் பிடித்து வெளிச்சத்தை அவள் முகத்துக்குத் திருப்பினான். வியாழக்கிழமை இன்னும் பெரிய ஏற்பாடு. பியூட்டி பார்லர் வைத்திருக்கும் நீலாம்பாள் மேக்கப் போட்டுவிட, வாடகைக்கு எடுத்த நீல கவுனில் கடற்கரையில் நின்றாள். பிறகு பட்டுச்சேலையில் நின்றாள். ஹோர்டிங்குகளில் பார்த்ததை எல்லாம் செய்தாள். இடுப்பில் கை வைத்தாள், தாடையைத் தூக்கினாள், காற்றில் முடியை வீசினாள். வேடிக்கை பார்த்தவர்கள், எந்தப் படத்தில் நடிக்கிறாள் என்று அனூப்பைக் கேட்டார்கள். ரிலீஸ் ஆகும்போது தெரியும் என்று அவன் அளந்துவிட்டான். நானூறு படங்கள். வீட்டுக்குத் திரும்பும்போது ஆட்டோவில் மூன்று பேரும் ஒரே சமயத்தில் பேசினார்கள். ஒருவர் சொன்னது இன்னொருவர் காதில் விழவில்லை.

எட்டு மணிக்குச் சுபாஷிணி போன் பண்ணினாள்.

"மஞ்சு, மெமரி கார்டு போயிடுத்து. எத்தனை தடவை போட்டாலும் லேப்டாப் படிக்க மாட்டேங்கறது. ரெண்டு சாஃப்ட்வேர் போட்டுப் பாத்துட்டேன். இன்னிக்கு எடுத்தது ஒண்ணும் இல்ல. நேத்து எடுத்தத மாத்தி வெச்சிருந்தேன், அது மட்டும் இருக்கு. என்னோட தப்புதான். வேற கார்டு போட்டிருக்கணும்."

மஞ்சுஷா கட்டிலில் உட்கார்ந்தாள். கண்ணில் மை இன்னும் கலையவில்லை. நீல கவுனைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. ஆறு படம் இருக்கிறது, ஆறு இல்லை. சேலையும் இல்லை, சிரிப்பும் இல்லை, வீடியோவும் இல்லை. வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள் பிரிண்டுக்குக் கொடுக்காவிட்டால் சனிக்கிழமை கையில் ஆல்பம் இருக்காது. ஒரு நிமிடம் அவளுக்கு அழுகை முட்டியது. ஆனால் சுபாஷிணி அந்தப் பக்கம் ஏற்கெனவே அழுதுகொண்டிருந்தாள்.

"சேச்சி, கேளுங்க. நாளைக்குக் காலைல கொஞ்சம் நேரம் இருக்கில்ல? எட்டரை வரைக்கும் குடோனுக்கு யாரும் வர மாட்டாங்க. ரமேஷ்பாபு சாருட்ட நான் கேக்கறேன்."

"மேக்கப்?"

"நீலாம்பாள் சேச்சிக்குக் காலைல கல்யாணப் பொண்ணு இருக்கு. மேக்கப் வேண்டாம்."

ரமேஷ்பாபு போனில் அதிகம் யோசிக்கவில்லை. "எட்டரைக்கு லோடு வரும். அதுக்குள்ள முடிச்சிருங்க. நம்ம போர்டு படத்துல வருமா?" என்று மட்டும் கேட்டார்.

காலை ஏழு மணிக்கு அனூப் குடோனின் ஷட்டரைத் தூக்கினான். வாசல் கிழக்குப் பார்த்தது. வெயில் சிமெண்டுத் தரையில் நீளமாக விழுந்து உள்ளே கடைசி அடுக்குவரை போனது. மிளகுத்தூள் காற்றில் மினுமினுத்தது. மஞ்சுஷா தன்னுடைய சாம்பல் நிறக் கைத்தறிச் சேலையைக் கட்டியிருந்தாள். இருளாயி ஐந்து மணிக்கே எழுந்து இஸ்திரி போட்டது. முகத்தில் எதுவும் இல்லை.

முதல் இருபது படங்கள் நன்றாக வரவில்லை. நேற்றைய அலைச்சலில் தோள் மறுபடி உள்ளே போயிருந்தது. நிமிரு என்றால் விறைத்தாள், தளர்ந்து நில் என்றால் கூனினாள். மணி ஏழரையைத் தாண்டியது. சுபாஷிணிக்கு என்ன தோன்றியதோ, "நீ தெனமும் பண்ற வேலையப் பண்ணு, பாக்கலாம்" என்றாள்.

மஞ்சுஷா மேல்தட்டிலிருந்த கிராம்பு மூட்டையை நோக்கி இரண்டு கைகளையும் உயர்த்தினாள். அந்த நொடியில் அவள் முதுகு இழுத்து விட்ட வில்நாண்போல நேராகிவிட்டது. கையை மேலே நீட்டிக்கொண்டு யாராலும் கூனி நிற்க முடியாது.

"அசையாத!" சுபாஷிணி கத்தினாள். "இப்ப கைய மட்டும் மெதுவா எறக்கு. முதுகு அங்கேயே இருக்கட்டும். கை மட்டும். அதே... அப்படியே என்னைப் பாரு."

மஞ்சுஷா திரும்பிப் பார்த்தாள். தான் எவ்வளவு உயரமாக இருக்கிறோம் என்பது அவளுக்கே உடம்பில் தெரிந்தது. காலிலிருந்து உச்சிவரை ஒரே கோடாக, எங்கும் பிடிப்பில்லாமல். கேமரா சடசடவென்று ஓடியது. சுபாஷிணி முழங்காலிட்டாள், பிறகு தரையில் படுத்தே விட்டாள். அவள் குர்த்தா முழுக்க மஞ்சள் தூள்.

"டீ, என்ன இது! யாருடீ நீ!" என்று லென்ஸுக்குப் பின்னாலிருந்து கூவிக்கொண்டே இருந்தாள்.

அந்த நேரம் பார்த்து மிளகுத்தூள் அனூப்பின் மூக்கில் ஏறியது. அவன் போட்ட தும்மலில் தெர்மோகோல் பலகை இரண்டாக முறிந்தது. மஞ்சுஷா வாய்விட்டுச் சிரித்தாள். தலையைப் பின்னால் சாய்த்து, பல்லெல்லாம் தெரிய, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். சுபாஷிணி அதைத் தவறவிடவில்லை. சிரித்த படத்துக்கு வேறு எதுவும் தேவைப்படவில்லை.

எட்டு மணிக்கு வீடியோவுக்காகக் கறுப்புச் செருப்பைப் போட்டுக்கொண்டு, மூட்டைகளுக்கு நடுவிலிருக்கும் நீண்ட பாதையில் நடந்தாள். டக் டக் என்று குடோன் முழுக்க எதிரொலித்தது. அதற்குள் வந்துவிட்ட ரமேஷ்பாபு ஓரமாக நின்று பார்த்தார். அவளுடைய சேலைத் தலைப்பு பறக்க வேண்டும் என்று சுபாஷிணி சொன்னதும், அவரே மேஜை விசிறியைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினார். எட்டு இருபத்தெட்டுக்கு லாரி ஹாரன் அடித்தது. மஞ்சுஷா செருப்பைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டு வேலைக்கு உட்கார்ந்தாள். நினைப்பெல்லாம் நடையிலேயே இருந்ததில் முதல் ஒரு மணி நேரத்தில் தரம் பிரித்த ஏலக்காயை மறுபடி பிரிக்க வேண்டியிருந்தது. சுபாஷிணி இந்தத் தடவை படங்களை மூன்று இடங்களில் நகல் எடுத்து வைத்துவிட்டுத்தான் பிரிண்டுக்குப் போனாள்.

சனிக்கிழமை படகில் எறணாகுளம், அங்கிருந்து பஸ்ஸில் காக்கநாடு. ஏஜென்சியின் தாழ்வாரத்தில் அறுபது பெண்களாவது இருந்தார்கள். எல்லோர் கையிலும் தடித்த ஆல்பங்கள், பளபளக்கும் அட்டைகள். மஞ்சுஷா முதலில் வேறொன்றைக் கவனித்தாள். அவளுக்குச் சமமாகக் கண்ணுக்குக் கண் பார்க்கும் உயரத்தில் ஒரே இடத்தில் இத்தனை பெண்களை அவள் பார்த்ததே இல்லை. பக்கத்தில் நின்றவள் திருவல்லாக்காரி, அவளும் ஐந்தடி பத்து. "உனக்கும் பேன்ட் கணுக்காலுக்கு மேலதானே நிக்கும்?" என்று அவள் கேட்க, இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். உள்ளே போவதற்குள் அவர்களுக்குள் போன் நம்பர் மாறியிருந்தது. மத்தியானம் எல்லோருக்கும் பிரியாணிப் பொட்டலம் கொடுத்தார்கள். அனூப் உடனே அம்மாவுக்குப் போன் பண்ணி அதைச் சொன்னான்.

ஒன்றரை மணிக்குக் கூப்பிட்டார்கள். தேர்வு செய்பவள் பெயர் தன்யா. முடியைக் குட்டையாக வெட்டிய, அதிகம் பேசாத பெண். சுவரோரம் நிறுத்தி உயரம் பார்த்தார்கள். நூற்றெழுபத்தெட்டு சென்டிமீட்டர். ஒரு மில்லிமீட்டர்கூட மஞ்சுஷா விட்டுக்கொடுக்கவில்லை. தன்யா ஆல்பத்தை வேகமாகப் புரட்டினாள். மொட்டைமாடிப் படங்களில் நிற்கவே இல்லை. குடோன் படம் வந்ததும் கை நின்றது.

"இது எங்கே எடுத்தது?" என்று மலையாளத்தில் கேட்டாள்.

"நான் வேலை பார்க்கும் குடோன்."

"எடுத்தது யார்?"

மஞ்சுஷா சுபாஷிணியின் பெயரைச் சொன்னாள். தன்யா அதைக் குறித்துக்கொண்டாள். பிறகு நடக்கச் சொன்னாள். மஞ்சுஷா நடந்தாள். திரும்பும் இடத்தில் குதிகால் லேசாகச் சறுக்கியது. நிற்காமல் நடந்து முடித்தாள். "இதற்கு முன்னால் எங்கே நடந்திருக்கிறாய்?" என்று கேட்டதற்கு, "மூட்டைகளுக்கு நடுவில்" என்றாள். அதுவரை சிரிக்காத தன்யா சிரித்துவிட்டாள். ஆல்பத்திலிருந்து ஏழு படங்களை உருவி மேஜையில் வைத்தாள். "இவை வேண்டாம். மற்ற ஐந்தும் போதும். சொல்லி அனுப்புகிறோம்."

ஐந்து போதும் என்றால் நல்லதா கெட்டதா என்று படகில் வரும் வழியெல்லாம் இருவரும் விவாதித்தார்கள்.

பதினோரு நாள் கழித்து போன் வந்தது. இரண்டு கையும் கிராம்பில் இருந்ததால் ரமேஷ்பாபு போனை அவள் காதில் வைத்தார். ஒரு மழைக்கோட்டுக் கம்பெனி. பருவமழைக்கு முந்தைய விளம்பரம். அவளைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். மஞ்சுஷா போட்ட கூச்சலில் தெருவில் போனவர்கள் குடோனுக்குள் எட்டிப் பார்த்தார்கள். பாம்பு வந்துவிட்டது என்றுதான் நினைத்தார்களாம்.

ஏப்ரல் வெயிலில் ஃபோர்ட் கொச்சியில் படப்பிடிப்பு நடந்தது. தண்ணீர் லாரியிலிருந்து குழாயால் பீச்சி மழை பெய்ய வைத்தார்கள். அந்த மழையில் அவள் மஞ்சள் கோட்டில் பதினெட்டுத் தடவை ஓடினாள். பதினெட்டாவது தடவையும் முதல் தடவைபோலவே குதித்து ஓடியதாக உடன் வேலை செய்தவர்கள் பாராட்டினார்கள்.

அதற்குப் பிறகு ஆறு மாதத்தில் ஒரு ஸ்கூட்டர் விளம்பரமும் ஒரு கைத்தறிக் காலண்டரும் வந்தன. பெங்களூருக்கு இரண்டு தடவை போய் வேலை கிடைக்காமல் திரும்பியும் இருக்கிறாள். குடோன் வேலையை விடவில்லை. வாரத்தில் நான்கு நாள் என்று ரமேஷ்பாபுவிடம் பேசி மாற்றிக்கொண்டாள். சுபாஷிணிக்குத் தன்யா மூலமாக மூன்று புதுப் பெண்களைப் படமெடுக்கும் வேலை வந்தது. இப்போது அவள் வாரத்தில் பாதி நாள்தான் மீன் படம் எடுக்கிறாள்.

அதே வருஷம் ஜூனில், முதல் மழை விழுந்த வாரத்தில், தோப்பும்படி பஸ் நிறுத்தத்தில் மழைக்கோட்டு விளம்பரம் வைத்தார்கள். அனூப் அம்மாவைக் கூட்டிப் போய்க் காட்டினான். இருளாயி குடையைப் பிடித்தபடி நெடுநேரம் பார்த்தாள். கோட்டின் தொப்பி, படத்தில் மஞ்சுஷாவின் நெற்றியையும் ஒரு கண்ணையும் மறைத்திருந்தது.

"பாவிங்க, பாதி மொகத்த மூடிட்டானுங்களே" என்றாள். பிறகு பஸ்ஸுக்குக் காத்திருந்த ஒரு பெண்ணின் தோளைத் தட்டி, "மோளே, அது எங்க வீட்டுப் பொண்ணாக்கும்" என்று ஆரம்பித்தாள். அந்தப் பெண் பஸ்ஸை விட்டுவிட்டு நின்று முழுக்கதையையும் கேட்டாள்.